லிமிட்டுக்குள் வந்த ரத்தம்

அண்ணா, உன் கருமாதி அன்று படையல் இலையில் முட்டை பப்ஸ் வைத்தார்கள். சிப்காட் கேட்டுக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் உன் கம்பெனி லைன் ஆட்கள் வாங்கி வந்தது. பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு, சிக்கன் கபாப், பன் பட்டர், பரோட்டா. எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைத்தான் படைப்போம். அம்மா ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி வாங்கி வரச் சொன்னாள். அண்ணி சுவர் ஓரமாக உட்கார்ந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கற்பூரம் ஏற்றப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு வேணான்னு விட்டதெல்லாம் எதுக்கு அத்தை வைக்கறீங்க?"

அம்மா இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இனிமே தின்னா என்னம்மா ஆயிடப்போவுது" என்றாள்.

கற்பூரத்தை ஏற்றினார்கள்.

நான் ஒன்பதாவதில் ஃபெயில் ஆகி அதோடு நின்றவள். ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் பூ பிரித்துக் கட்டும் வேலை செய்கிறேன். எனக்கு எழுத வராது. ஆனாலும் அண்ணனைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது. வீட்டில் பேச்சை எடுத்தால் அம்மா படுத்துக்கொள்கிறாள், அண்ணி பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜவளகிரிக்குப் பக்கம், காட்டு ஓரம். கொஞ்சம் மானாவாரி நிலம், ராகியும் அவரையும் போடுவோம். அப்பா மாங்காய் சீசன் வந்தால் கிருஷ்ணகிரிக்குப் போய் மாங்கூழ் கம்பெனியில் லோடு இறக்குவார். அப்படி ஒரு சீசனில்தான் கூடை தூக்கிக்கொண்டிருந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு நாலு. அப்பா முகம் எனக்கு போட்டோவில் பார்த்த முகம்தான். அண்ணன் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். எப்படியோ முடித்து ஓசூரில் வண்டிகளுக்குப் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் சேர்ந்தான். ஸ்கூலுக்குக் கூட்டிப்போனது, காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டது, நான் ஃபெயில் ஆனபோது ரிசல்ட் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவன்தான். கல்யாணம் ஆன பிறகும் என்னைக் கூடவே ஓசூரில் வைத்துக்கொண்டான். பெரிய பெண்ணாகியும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய சொந்தப் பாப்பாவுக்குப் பெயர் குட்டி ஆகிவிட்டது.

அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமாக இமைமேல் மஞ்சளாகச் சின்னத் திட்டு இருக்கும். மஞ்சள் குழைத்து ஒட்டின மாதிரி. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்ததாம். சொந்தக்காரர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். அப்பனாட்டமே பையனுக்கும் வந்திருக்கிறது என்று அம்மாவுக்கு அதில் சந்தோஷம். யாராவது கேட்டால் அவன் முகத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வருஷா வருஷம் எடுப்பதுதான். அண்ணன் அதற்கு முன்னால் நைட் ஷிப்ட், லீவு என்று இரண்டு மூன்று தரம் தப்பித்திருந்தான். இந்தத் தரம் மாட்டிக்கொண்டான். ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் ரொம்ப மேலே இருந்தது. கெட்ட கொழுப்பு என்று ஒன்று இருக்கிறதாம், அதுவும் லிமிட்டைத் தாண்டியிருந்தது. லைனில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. அண்ணன் ஒல்லி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுத்தான் கட்டுவான். அவனோடு அதே லைனில் வேலை செய்யும் ஒருத்தர், அண்ணனுக்கு ரொம்பச் சினேகிதம், எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வீடு தேடி வந்து அண்ணியிடம் சொல்லிச் சிரித்தார்.

"கேட்டியாம்மா, லைன்லயே தொந்தி இல்லாதவன் இவன்தான். இவனுக்குத்தான் கொழுப்பாம். மிஷின் ரிப்பேரா இருக்கும்."

"வாய்லதான் இருக்குது, ஒடம்புல ஏது" என்று அண்ணியும் சிரித்தாள்.

அண்ணனும் சிரித்தான். ஆனால் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு அண்ணியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனான். அங்கே இருப்பது ஒரு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் கண்ணைத்தான் பார்த்தார்களாம். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் எந்த வயதில் போனார் என்று கேட்டார்களாம். முப்பத்தெட்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று அண்ணி சொன்னாள். அப்போது அண்ணனுக்கு முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தது.

அந்தத் திட்டு அதிர்ஷ்டம் இல்லை, கொழுப்பு தேங்கினது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவிடமும் போனில் சொன்னோம். அப்ப உங்கப்பனுக்கும் அதானா என்றாள்.

டாக்டரம்மா சொன்னது நாலு விஷயம். எண்ணெயில் பொரித்தது, பேக்கரி, ஆட்டுக்கறி எல்லாம் குறைக்கவேண்டும். தினமும் நடக்கவேண்டும். சிகரெட்டை அடியோடு விடவேண்டும். மாத்திரையைத் தினமும் போடவேண்டும், நம்பர் இறங்கினாலும் தானாக நிறுத்தக்கூடாது.

வரும் வழியிலேயே அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டான். பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை ஆட்டோக்காரருக்குக் கொடுத்தானாம். அப்படி ஒரே மூச்சில் ஒன்றை விடும் ஆள் அவன். வீட்டுக்கு வந்து எங்களை உட்கார வைத்து ஒரே ஒரு ஆசைதான் என்றான். அப்பா வயதைத் தாண்டவேண்டும். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் எல்லாம் போனஸ் என்றான்.

"தாண்டிட்டன்னு வெச்சுக்க, ஊர் கோயில்ல ஒரு கெடா வெட்டறன்" என்று பாயிடமும் சொல்லியிருக்கிறான்.

"வெட்டு. ஆனா நீ திங்க முடியாதே. நாங்க திங்கறதை உக்காந்து பாரு" என்றாராம் பாய்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அடுப்பே மாறிப்போனது. அண்ணிக்குச் சொந்த ஊர் சேலம் பக்கம். வாரம் ஒருநாள் பூரி, ஞாயிற்றுக்கிழமை கறி, சாயங்காலம் பஜ்ஜி, அதுதான் அவள் கைப்பழக்கம். மாசம் வாங்கும் எண்ணெய் கேனைப் பாதியாகக் குறைத்தாள். யாரோ சொன்னார்கள் என்று ஓட்ஸ் வாங்கி வந்தாள். முதல் நாள் அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, போஸ்டர் ஒட்டறவங்களுக்குக் குடு, நல்லா ஒட்டும் என்றான். அதோடு ஓட்ஸ் போய்விட்டது. ஊரில் இருந்து அம்மா ராகி அனுப்பினாள். ராகிக் களி, கொள்ளுக் கடைசல், கீரை, அவரைக்காய். சின்ன வயதில் அதைத் தின்று சலித்துத்தான் அவன் ஓசூருக்கே வந்தான் என்று சொல்லலாம். இப்போது அதே களி. கம்பெனியில் ஆனேக்கல் பக்கத்தில் இருந்து வரும் கன்னடக்காரர்கள் அவன் டப்பாவில் களி உருண்டையைப் பார்த்து, முத்தே கொண்டு வந்திருக்கிறான், இவன் நம்ம ஆள் ஆகிவிட்டான் என்று கேலி செய்வார்களாம். கேன்டீனில் வெள்ளிக்கிழமை பொரித்த முட்டை போடுவார்கள். அண்ணன் பங்கையும் பாய் எடுத்துக்கொள்வார். உன் சீக்கு நல்லா இருக்கட்டும், எனக்கு ரெண்டு முட்டை என்பாராம்.

நடையும் அப்படித்தான். காலை ஏ ஷிப்ட் என்றால் சாயங்காலம், மத்தியான பி ஷிப்ட் என்றால் காலையில் ஏரிக்கரைக்குப் போவான். நைட் ஷிப்ட் வாரம் மட்டும் தூங்கி எழுந்து போவான். சில நாள் குட்டியையும் கூட்டிப்போவான். திரும்பும்போது குட்டி அவன் தோளில் இருக்கும். வீட்டு ஓனர் அம்மா வாசலில் நின்றுகொண்டு, தெலுங்கும் தமிழும் கலந்து, நடந்து ஒடம்பு இளைக்கணுமா, இனி இளைக்க அதுல என்ன இருக்குது என்று கேட்பார்கள்.

மாத்திரையையும் போட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன். ராத்திரி சாப்பிட்டதும் டிவி மேல் இருந்து எடுத்துப் போடுவான்.

பேக்கரியைத் தாண்டி வருவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஷிப்ட் விட்டதும் எல்லோரும் அங்கே நிற்பார்கள். டீயும் பப்ஸும். இவன் டீயை மட்டும் குடித்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்பானாம். ஒருநாள் என்னிடம், பாப்பா, கொழுப்பு குறையறதுக்குள்ள எனக்கு மூக்கு வளந்துடும் போல, எவ்ளோ தூரத்துல இருந்தும் பப்ஸ் வாசனை வருது என்றான்.

நாலைந்து மாசம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தான். ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது செருப்பைக்கூட விடவில்லை. நம்பர் இறங்கியிருந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த அளவுக்குள் வந்திருந்தது.

இங்கே அண்ணன் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் செய்தது லைன் இன்ஸ்பெக்‌ஷன். மெஷினில் இருந்து வரும் இரும்புத் தண்டை எடுத்து அளந்து பார்ப்பான். மேல் லிமிட்டுக்கும் கீழ் லிமிட்டுக்கும் நடுவில் இருந்தால் பச்சை ட்ரே. வெளியே போனால் சிவப்பு ட்ரே. பச்சை ட்ரேக்குப் போனது போனதுதான். அதைப் பேக் செய்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மறுபடி யாரும் தொடமாட்டார்கள். அவன் பாஸ் செய்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவனுக்கு அதில் பெருமை. வீட்டிலும் குழம்பில் உப்பு சரியாக இருந்தால் பச்சை ட்ரே என்பான். குட்டி வீட்டுப்பாடம் சரியாக எழுதினால் பச்சை ட்ரே. அந்த ரிப்போர்ட்டும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் அளவு, ஒரு பக்கம் லிமிட். அவன் தினமும் பார்க்கிறதுதானே. ரிப்போர்ட்டைக் குட்டி தலைமேல் வைத்து, உங்கப்பன் பச்சை ட்ரே என்றான்.

அன்று அண்ணி பாயசம் வைத்தாள். சர்க்கரை கம்மியாக, முந்திரி வறுக்காமல்.

அந்த வாரம் மாத்திரை தீர்ந்தது. அண்ணி ஞாபகமாகக் கேட்டாள்.

"மாத்திரை வாங்கலையா?"

"எதுக்கு? லிமிட்டுக்குள்ள வந்துடுச்சுல்ல."

"டாக்டரம்மா நீங்களா நிறுத்தக்கூடாதுன்னாங்களே."

"ஓகே ஆன பீஸை யாராவது திரும்ப மெஷின்ல மாட்டுவாங்களா? மாட்டுனா ரிஜெக்ட்தான் ஆவும். இனிமே களியும் கொள்ளும் பாத்துக்கும், விடு."

அண்ணி விட்டுவிடவில்லை. இரண்டு மூன்று தரம் சொன்னாள். ஒருதரம் டாக்டரம்மாவிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள். லீவு கிடைக்கட்டும் என்றான். அப்புறம் ஆர்டர் அதிகம் என்று ஓவர்டைம் வந்தது. கம்பெனியில் யாரோ அந்த மாத்திரை போட்டால் கால் வலி வரும், கிட்னிக்கு ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா போனில், இங்கிலீசு மருந்து ஒடம்பைச் சூடு பண்ணும், விட்டதே நல்லது சாமி என்றாள். எல்லோருக்கும் பிடித்த பேச்சாக இருந்தது அது. நோய் இருந்தால்தானே மாத்திரை. மாத்திரை இல்லை என்றால் நோயும் இல்லை என்ற மாதிரி வீடே லேசாகிவிட்டது.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாத்திரையை விட்டவன் மற்றதை விடவில்லை. சில பேர் நம்பர் இறங்கினதும் பரோட்டா கடைக்குப் போய்விடுவார்கள். அண்ணன் போகவில்லை. முன்னைவிட அதிகமாகக் கட்டுப்பாடாக இருந்தான். அவனைப் பார்த்து லைனில் நிறையப் பேர் கொள்ளு சாப்பிட ஆரம்பித்தார்கள். யார் ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் இவனிடம்தான் காட்டுவார்கள். கறிவேப்பிலையை ஒதுக்காதே, பூண்டு சேர்த்துக்கொள், பாமாயிலில் பொரித்ததைத் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்வான். முகத்திலேயே ஒரு தெளிவு வந்திருந்தது. கண்மேல் இருந்த மஞ்சள் திட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ரத்தம் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் கம்பெனி டெஸ்ட்டின்போது ஊரில் ஒரு கல்யாணம், லீவில் இருந்தான். பிறகு வெளியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். பார்ப்பதற்கு அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆள் நன்றாகத்தானே இருந்தான்.

அம்மா மட்டும் ஊரில் இருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த மாங்காய் சீசன் தாண்டினால் அப்பா இருந்த வயதை அண்ணன் தாண்டிவிடுவான் என்பாள். கிடாவுக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று கேட்பாள். இப்பவே சொல்லாதம்மா, வெலை ஏத்திடுவான் என்று அண்ணன் சிரிப்பான். மாமரம் பூ விட்டிருந்த நேரம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனான். போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டான். குட்டி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்காமல் உள்ளே வந்தான். தாடை வலிக்கிறது, பல் வலி மாதிரி இருக்கிறது என்றான். நெஞ்சுக்குள் ஏப்பம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றான். அண்ணி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பாதி குடித்தான். நெற்றி முழுக்க வியர்வை. ஓசூரில் அந்த மாசத்துக் காலையில் யாருக்கும் வியர்க்காது. நான் துண்டை நனைத்துத் துடைத்தேன்.

"பாப்பா, ஃபேனைக் கொஞ்சம் ஜாஸ்தி வையேன்" என்றான்.

ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ஸ்விட்சைச் சும்மா திருப்பிவிட்டு வந்தேன். அவன் என்னிடம் கடைசியாகப் பேசினது அது.

அண்ணி முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டோம். குட்டியை ஓனர் அம்மா பிடித்துக்கொண்டார்கள். ஹைவேயில் பெங்களூர் போகிற வண்டிகளும் லாரிகளும் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் சர்வீஸ் ரோட்டில் விட்டு, எதிர்ப் பக்கம் விட்டு, எப்படியெல்லாமோ ஓட்டினார். அண்ணன் தலை அண்ணி மடியில், கால் என் மடியில். போகப்போக அந்தக் கால் கனமாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்தார்கள். பிறகு ஒரு டாக்டர் வெளியே வந்து யார் கூட வந்தவர்கள் என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே அண்ணி கீழே உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தெட்டு அவனுக்கு முடியவில்லை.

ஊருக்குக் கொண்டுபோனோம். கம்பெனி பஸ்ஸில் லைன் முழுக்க வந்திருந்தது. எடுத்த பிறகு பாய் எங்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் மாத்திரையை நிறுத்தினது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா ஒப்பாரியில் சொல்லி அழுதாள்.

"எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவனே அவன்தாம்மா" என்றார். "மெஷின்ல ஒரு செட்டிங் மாத்துனாப் போதும், பழைய அளவு கணக்கு இல்ல. புதுசா வர்ற முதல் பீஸை எடுத்து அளந்துட்டுத்தான் லைனை ஓட்டணும். அதை அளக்காம ஓட்டுனான்னு ஒரு பையனை லைன்லயே நிக்க வெச்சுத் திட்டுனவன் அவன். மாத்திரைய நிறுத்துனா செட்டிங் மாத்துன மாதிரிதானம்மா. ஒரு தரம் ரத்தத்தைப் பாத்திருந்தான்னா தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் சொன்னான். தன்னோடதை அளக்கலயே."

குடிக்காமலே தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவன் ரிப்போர்ட்டைப் பார்த்து மிஷின் ரிப்பேர் என்று சிரித்த மனுஷன். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணி டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா, கேட்கவேண்டும் என்றாள். நானும் போனேன். டாக்டரம்மாவுக்கு அண்ணனை ஞாபகம் இருந்தது. அண்ணி கேட்டது ஒரே கேள்விதான்.

"அவ்ளோ ஆசைப்பட்டதெல்லாம் விட்டாருங்க. அது அத்தனையும் வீண்தானுங்களா?"

டாக்டரம்மா அண்ணி பக்கமாக நாற்காலியைத் திருப்பினார்கள். "வீண் இல்லம்மா. சாப்பாடும் நடையும் அது பங்குக்குக் குறைக்கும். பல பேருக்கு அதிலயே நல்லா எறங்கும். உங்க வீட்டுக்காரருக்கு அது பரம்பரையா ரத்தத்துலயே வர்றது. மீதியை மாத்திரைதான் புடிச்சு வெச்சிருந்தது. அதை விட்டதும் நம்பர் திரும்ப ஏறியிருக்கும். ஏறுறது வெளிய தெரியாது" என்றார்கள்.

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் ஸ்டாண்ட் வரை வந்த பிறகு, அப்ப அவரு சாப்பிட்டிருக்கலாம், வாரத்துல ஒருநாளாவது ஒரு பப்ஸ் சாப்பிட்டிருக்கலாம் என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். இது குடும்பத்தில் வருவது, அவர் தங்கச்சியும் குழந்தையும் ரத்தம் பார்த்துவிடவேண்டும் என்று. நான் மறுநாளே போய்க் கொடுத்தேன். போகும் முன் கண்ணாடியில் என் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் இருந்தது. அண்ணனுக்கு முதலில் வந்த மாதிரியே மேலே இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. பண்ணையில் நாள் பூரா நின்று வேலை செய்கிறேன். ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பயத்துக்கு முன்னால் எனக்குத் தோன்றினது என்ன தெரியுமா? அவனும் நானும் ஒரே ரத்தம் என்பதுதான். அது ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. இப்படி எழுதக்கூடாது, ஆனால் இருந்தது.

குட்டிக்குப் பார்க்க அண்ணி சம்மதிக்கவில்லை. அம்மாவும் சேர்ந்துகொண்டு, பச்சை மண்ணுக்கு எதுக்கு ஊசி என்றாள். நான் அண்ணியிடம் எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"இருக்குதுன்னு தெரிஞ்சுட்டா நான் எப்பிடி அவ தூங்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கறது, சொல்லு" என்றாள்.

அதற்கப்புறம் நான் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் ஒருநாள் குட்டி ஓடி விளையாடிவிட்டு வந்து, மூச்சு வாங்குது, ஃபேன் போடு அத்தை என்றது. அவ்வளவுதான். எல்லாக் குழந்தையும் கேட்பதுதான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, குட்டிக்குச் செருப்பை மாட்டி, என்னையும் வரச் சொல்லி நேராக லேபுக்குக் கூட்டிப்போனாள். ஊசி போடும்போது குட்டி அழவில்லை. அப்பாவுக்கு எந்தக் கையில் எடுத்தாங்க, எனக்கும் அதே கையில் எடுங்க என்றது. அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

குட்டிக்கும் இருக்கிறது. என் அளவு இல்லை. இந்த வயதில் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓடி விளையாடட்டும், வருஷா வருஷம் ரத்தத்தைப் பாருங்கள், மாத்திரையைப் பற்றிப் போகப்போக நான் சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார்கள். கெட்டதிலும் இது நல்லது, சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது என்றார்கள். அம்மாவும் இப்போது ஊரில் இருந்து யார் போன் செய்தாலும், ரத்தம் பாத்துட்டீங்களா என்றுதான் முதலில் கேட்கிறாள். கண்மேல் மஞ்சள் திட்டு இருக்கிறவர்களைச் சந்தையில் பார்த்தால் நிறுத்தி விசாரிக்கிறாளாம். சில பேர் இவளுக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

நான் மாத்திரை போடுகிறேன். களி சாப்பிடுகிறேன், நடக்கிறேன். போன மாசம் என் ரிப்போர்ட் வந்தது. லிமிட்டுக்குள் இருந்தது. அண்ணி அதை வாங்கிப் பார்த்தாள். சந்தோஷம்கூடப் படவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீரும் அன்றைக்கு உண்டான மாத்திரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் விழுங்கும் வரை நின்றாள். அன்றில் இருந்து தினமும் அப்படித்தான் நிற்கிறாள். விழுங்கின பிறகுதான் நகர்கிறாள்.

என் அண்ணன் நல்லவன். யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பிழைக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டான். நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. பாய் தொழுகையில் அவனுக்காகக் கேட்கிறார். ஓனர் அம்மா அவர்கள் வீட்டு விளக்கின் முன்னால் கேட்கிறார்கள். நீங்களும் விளக்கு ஏற்றும்போதோ, கண்ணை மூடும்போதோ ஒரு நிமிஷம் அவனுக்காகக் கேளுங்கள். போன இடத்தில் அவன் நெஞ்சில் வலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். அவன் பெண், அவள் தாத்தாவும் அப்பாவும் தாண்டாத அந்த வயதைத் தாண்டிப் போகவேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். எல்லோரும் கேளுங்கள்.